என் தாளும் அவள் எண்ணெயும்

“அந்தப் பொண்ணு வந்த பிறகுதான் நம்ம லேபுக்கே உசிரு வந்திருக்கு.”

எங்கள் லேபுக்குப் பொறுப்பான ஞானதுரை சார் இதை என்னிடம் சொல்லவில்லை, அக்கா. பக்கத்துத் துறை சாரிடம், மாடிப்படித் திருப்பத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே சொன்னார். நான் பாசி வாளியோடு கீழ்ப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பொதுவாகவே என்னை யாரும் பார்ப்பதில்லை. வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அவர்கள் போகும்வரை அப்படியே நின்றேன்.

உசிரு வந்திருக்காம். அப்படியென்றால் அதற்கு முன்னால் இரண்டு வருஷமாக அங்கே நடமாடிக்கொண்டிருந்த நான் யார், பிணமா?

நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். என்ன படிக்கிறாய் என்று எல்லோரும் கேட்பார்கள், பதிலை முழுதாகக் கேட்க மாட்டார்கள். நீங்கள் மூஞ்சி ஏன் இப்படி இருக்கிறது என்றும் கேட்டுவிட்டீர்கள். பஸ் கிளம்பவும் நேரமாகும் போலிருக்கிறது. டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நிற்கிறார்.

திருச்செந்தூர் ரோட்டில் உப்பளத்துக்கு நடுவில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதன் பின்பக்கம் நீள நீளமாகத் தொட்டிகள். கடல் தண்ணீர், ஆனால் பச்சையாக இருக்கும். போகிறவர்கள் சாக்கடை என்று நினைத்துக்கொள்வார்கள். அது நாங்கள் வளர்க்கிற பாசி. ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொன்றுக்குள்ளும் துளியிலும் துளியாக எண்ணெய் இருக்கும். அதை எடுத்துப் பக்குவம் செய்தால் டீசலுக்குப் பதில் ஊற்றி வண்டி ஓட்டலாம்.

எடுப்பதில்தான் கஷ்டம். பாசியை உடைத்தால் எண்ணெய் தானாக மேலே வந்து மிதக்காது. தண்ணீரோடு கலந்து, கடைந்த மோர் மாதிரி நிற்கும். ரசாயனம் ஊற்றிச் சூடாக்கிப் பிரிக்கலாம், ஆனால் கிடைக்கிற எண்ணெயைவிடச் செலவாகிற கரண்ட் அதிகம். அதற்குத்தான் எங்கள் தாள். மெம்பரேன் என்பார்கள். நான் தாள் என்றே சொல்வேன். உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக இருக்கும், முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். வெறும் தாளாக வைத்தால் அடைத்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு பூச்சு போட வேண்டும். பூச்சு சரியாக அமைந்துவிட்டால், சேம்பு இலைமேல் நிற்கிற மாதிரி தண்ணீர் உருண்டு மேலேயே நிற்கும். எண்ணெய் மட்டும் உள்ளே இறங்கி அடியில் சொட்டும்.

அந்தப் பூச்சு நான் போடுவது. நான் மட்டும் போடுவது. கரைசலில் தாளை முக்கி மேலே இழுக்கும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வேன். கொஞ்சம் வேகமாக இழுத்தால் கோடு விழும். இடையில் தயங்கினால் திட்டு விழும். என் தாளில் கோடும் விழாது, திட்டும் விழாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அப்போதுதான் ஜுலைஹா வந்தாள்.

காயல்பட்டினத்துப் பெண். சென்னையில் எம்.டெக் முடித்துவிட்டு வந்தாள். தலையில் கட்டுகிற துணிக்குப் பொருத்தமான நிறத்தில் ஊசி குத்தியிருப்பாள், ஒரு நாள்கூடத் தவறாது. நான் கவனித்திருக்கிறேன். வந்த முதல் நாளே என் மேஜைக்கு வந்தாள்.

“உங்க பேரு?”

“முப்பிடாதி.”

“எம்மா, எவ்வளவு நீளம்! முப்பின்னு கூப்பிடட்டா?”

சரி என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்வதற்குள் கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து அட்டெண்டர் தாசண்ணன் முதல் எல்லோருக்கும் நான் முப்பி. அதற்கு முன்னால் எனக்கு அங்கே ‘ஏம்மா’ என்பதுதான் பெயர், அது வேறு விஷயம். இருந்தாலும் ஒருத்தர் பெயரை அப்படி வெட்டலாமா?

சார் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். நான் தாள் போட வேண்டும். அவள் அந்தத் தாளைக் கருவியில் பொருத்தி, பாசி மோரை ஊற்றி, எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது, அது எப்படிப்பட்ட எண்ணெய் என்று பார்க்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். தாள் செய்கிறவளுக்கு என்ன கிடைக்கும்? தாள். எண்ணெயைப் பார்க்கிறவளுக்குத்தான் ரிசல்ட். திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவள் அவள். “வெரிகுட் ஜுலைஹா” என்று வாங்கிக்கொள்கிறவளும் அவள்.

“தாளு முப்பி போட்டது சார். நா சும்மா ஊத்துனேன், அவ்வளவுதான்” என்பாள். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள், தர்மம் போடுகிற மாதிரி. எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். எனக்கு முகம் சூடாகிவிடும், குனிந்துகொள்வேன். நான் கூட்டத்தில் பேச மாட்டேன் என்று தெரிந்துதானே என் பெயரைச் சொல்கிறாள்?

ஒரு நாள் நான் பூச்சு போடும்போது பக்கத்தில் வந்து நின்றாள். நான் ஒரு தாளை இழுத்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, “நானும் சென்னையில ஆறு மாசம் முயற்சி பண்ணினேன் புள்ள. எல்லாமே கோடு கோடா வந்துச்சு. உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது” என்றாள்.

இப்படியெல்லாம் கேலி பேசுவாள். உண்மையாகவே வயிறு எரிகிறவர்கள் வாய்விட்டுச் சொல்வார்களா? எனக்குத் தெரியாதா?

மதியம் சாப்பாட்டை எல்லோருக்கும் நீட்டுவாள். தேங்காய் எண்ணெயில் பொரித்த பணியாரம், தேங்காய்ப்பால் ஊற்றிய சோறு. நான் பசிக்கவில்லை என்பேன். “ஒண்ணே ஒண்ணு எடு புள்ள, எங்க உம்மா கேப்பாங்க” என்பாள். தாசண்ணன் மட்டும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார். முன்பெல்லாம் முதல் டீ என் மேஜைக்கு வரும். இப்போது அவள் மேஜைக்குப் போய்விட்டுத்தான் என் மேஜைக்கு வருகிறது. வரும்போது ஏடு படிந்திருக்கிறது. தாசண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. மனிதர் பணியாரம் சாப்பிட்டிருக்கிறார்.

இதெல்லாம் சின்ன விஷயம், விடுங்கள். பெரிய விஷயம் அந்த இடம்தான்.

எங்கள் திட்டம் இந்த வருஷத்தோடு முடிகிறது. பணம் கொடுக்கிறவர்கள் வந்து பார்த்து, பிடித்திருந்தால் இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பார்கள். ஆனால் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். ஒரே ஒருத்திதான் அங்கே இருந்து ஆராய்ச்சியை முடிக்கலாம். மற்றவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் அப்பா போனிலேயே சொல்லிவிட்டார். “எடம் கெடச்சா படி. கெடைக்கலன்னா ஆவணியில முடிச்சிருவோம். கடையநல்லூர்க்காரங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.” கடையநல்லூர்க்காரருக்கு மோட்டார் பம்புக் கடை. ஃபோட்டோவில்கூடக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவளுக்கு அந்த இடம் எதற்கு, சொல்லுங்கள்? அண்ணன்மார் எல்லோரும் கொழும்பில் வியாபாரம். அவளும் ஒரு நாள் சாப்பிடும்போது ஏதோ சொன்னாள். இந்த இடம் இல்லையென்றால் மாப்பிள்ளையோடு துபாய்க்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே போனால் படிப்பு அவ்வளவுதான், உம்மா ஒருத்திதான் அவள் பக்கம் என்று. கண்ணெல்லாம் கலங்கினாள். எல்லோரும் சொல்வதுதான். விமானத்தில் போகிறவளுக்கும் ஆவணியில் மோட்டார் பம்புக் கடைக்குப் போகிறவளுக்கும் வித்தியாசம் இல்லையா?

நான் எவ்வளவு உழைத்தேன் தெரியுமா? என் கையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் லேபில் வாங்குகிற கையுறைக்கு உள்ளேயும் வெளியேயும் மாவு பூசியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டு தாளைத் தொட்டால் மாவு பூச்சில் ஒட்டிக்கொள்ளும், தாள் போச்சு. அதனால் நான் கையுறையே போட மாட்டேன். வெறும் கைதான். அந்தக் கரைசல் தோலில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். விரல் நுனியெல்லாம் வெடித்து, சோறு பிசைந்தால் எரியும். அம்மா ஊரிலிருந்து செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புவாள். காலையிலும், மதியம் சாப்பிட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு சொட்டு தடவிக்கொள்வேன். துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொடுவேன். நான் அவ்வளவு சுத்தம். அவளைப் போலப் பணியாரம் தின்ற கையோடு கருவிப் பக்கம் போகிறவள் இல்லை.

இது ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் ஒரு நாள் மதியம் அவள் தொழுகைக்குப் போயிருந்தாள். அவள் கம்ப்யூட்டர் திறந்தே இருந்தது. எண்ணெயில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுகிற கருவி ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு முகடு எழும்பும். எனக்கு அந்த முகடுகள் மனப்பாடம். இருக்கக் கூடாத இடத்தில் ஒன்று எழும்பி நின்றது. லாரிக் அமிலம். எங்கள் பாசியில் அது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தேங்காய் எண்ணெயில் பாதி அதுதான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பணியாரம்!

அவளிடமே சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? எனக்கு யாரிடமும் நேராகப் பேச வராது, அக்கா. சார் அறைக்குப் போனேன். கதவோரம் நின்று, “சார், ஜுலைஹா சாம்பிள்ல தேங்காய் எண்ணெய் இருக்கு” என்றேன்.

“என்னம்மா? காதுல விழல.”

“ஜுலைஹா சாம்பிள்ல தேங்காய் எண்ணெய் இருக்கு சார்.”

“சத்தமாச் சொல்லேன்ம்மா, யாரு உன்னை அடிக்கப்போறா?”

மூன்றாவது தடவை சொன்னபோது லேபுக்கே கேட்டுவிட்டது. தாசண்ணன் டீக்கிளாஸோடு நின்றுவிட்டார். அதற்குள் ஜுலைஹாவும் வந்துவிட்டாள். நான் வேண்டுமென்று சத்தமாகச் சொன்னேனா? அவர்தானே சொல்லச் சொன்னார்?

சார் அவளைக் கேட்டார். “என்னம்மா இது? சாப்பிட்ட கையோட வேலை பாக்கிறியா?”

அவள் சாரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை. கொஞ்சம் கீழே, என் துப்பட்டா நுனியையோ எதையோ பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஒரு ரன் தான் சார் போச்சு. நானே திரும்பப் பண்ணிடுறேன். இனிமே வராது” என்றாள்.

பார்த்தீர்களா? அவளே ஒப்புக்கொண்டாள். குற்றம் இல்லாதவள் ஒப்புக்கொள்வாளா? நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

அதற்கடுத்த வாரம்தான் அந்த அவமானம். காலையில் வந்தால் என் மேஜையில் ஒரு பெட்டி. நீல நிறக் கையுறைகள், மாவு பூசாத ரகம். சென்னையிலிருந்து வரவழைத்திருக்கிறாள். கூடவே கைக்குத் தடவுகிற ஒரு களிம்பு.

“இதைப் போட்டுக்கிட்டுத் தாளைத் தொடு புள்ள. மாவு ஒட்டாது” என்றாள். யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள். “தெரிஞ்சா உன் வேலை மொத்தத்தையும் குப்பையில போடச் சொல்லிருவாங்க. அதுக்காகத்தான் அன்னைக்கு நா வாயைத் திறக்கல. புரியுதா?”

“எனக்கு எதுக்கு?”

“ஏட்டி, வெளையாடுறியா? மத்தவங்ககிட்ட நா சொல்லப்போறதில்ல. நீ போட்டுக்க, அவ்வளவுதான்.”

தன் தப்பை மூடுவதற்கு என் கையில் அழுக்கு இருக்கிற மாதிரி பேசுகிறாள். எப்படி இருக்கும் எனக்கு? இரண்டு வருஷமாகத் தாள் போடுகிற என்னை, நேற்று வந்தவள், எப்படித் தொட வேண்டும் என்று படிப்பிக்கிறாள். பெட்டியைத் திறக்காமல் கீழ் டிராயரில் வைத்து மூடிவிட்டேன். கையுறை போட்டுக்கொண்டு தாளின் ஓரத்தைப் பிடித்தால், பூச்சு காய்ந்துவிட்டதா இல்லையா என்று விரலுக்கு எப்படித் தெரியும்? இது விரலுக்குத் தெரிகிற வேலை.

பார்வையிட வருகிறவர்களுக்காகப் புதிதாக ஒரு கட்டுத் தாள் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே நான் போட்ட மிக நல்ல தாள் அதுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு குறை தெரியாது. கொடுக்கும்போது, “க்ளவ்ஸ் போட்டுத்தானே?” என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, எனக்கென்ன தெரியும்?

இன்று மதியம் வந்தார்கள். டெல்லியிலிருந்து ஒரு பெரியவர், சென்னையிலிருந்து ஒரு மேடம். சாப்பாடு முடிந்து நேராக லேபுக்கே வந்துவிட்டார்கள். நானும் கை கழுவி, வழக்கம்போலத் தடவிக்கொண்டு, துடைத்துக்கொண்டு, ஓரமாக வந்து நின்றேன்.

ஜுலைஹா நன்றாகத்தான் பேசினாள். நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். மோரைக் கருவியில் ஊற்றினாள். அடியில் கண்ணாடிக் குப்பியில் பொன்னிறத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கியது. டெல்லிப் பெரியவர் குனிந்து பார்த்து, “பியூட்டிஃபுல்” என்றார். என் தாள், அக்கா. அவர் பார்த்தது குப்பியை.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி ஓடவிட்டு, இன்னும் யாரும் பார்க்காத முகடுகளைத் திரையில் போடச் சொன்னார். ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

“இது என்ன? லாரிக்கா?”

அந்த முகடு மறுபடியும் அதே இடத்தில் நின்றது. முன்பைவிட உயரமாக.

“தேங்காய் எண்ணெய்ல குளிச்சுட்டு வந்த பாசியா ஞானதுரை?” என்றார் மேடம். டெல்லிப் பெரியவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது.

“ஏற்கனவே ஒரு தடவை இப்படி ஆச்சு மேடம். இந்தப் பொண்ணுதான்... அன்னைக்கே ஒத்துக்கிட்டா. இனி வராதுன்னு சொன்னா.”

“ஒரு தடவைன்னா விபத்து. ரெண்டாவது தடவையும்னா? சாம்பிளைச் சுத்தமா வைக்கத் தெரியாத ஆளுக்கு மூணு வருஷம் எப்படி எழுதிக் கொடுக்கிறது? இன்னொரு பொண்ணு இருக்கான்னு சொன்னீங்களே, அது யாரு?”

சார் என்னைக் காட்டினார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேடம் சிரித்தார். “நீதான் கோட்டிங் போடுறதா? பிரமாதமா இருக்கும்மா” என்றார்.

ஜுலைஹா என் பக்கம் திரும்பினாள். எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி நின்றாள். வாயை லேசாக அசைத்தாள், சத்தம் வரவில்லை. “சொல்லு” என்கிற மாதிரி இருந்தது. நான் என்ன சொல்ல? என்னிடமா கேள்வி கேட்டார்கள்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்று அவளுக்கே நன்றாகத் தெரியும்.

“அப்ப சரி” என்று மேடம் பேனாவைத் திறந்தார்.

இத்தனை மாதம் என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டுக்கொண்டு, பணியாரத்தை நீட்டிக்கொண்டு, புள்ள புள்ள என்று குழைந்தவள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அலமாரியிலிருந்து புதிதாக ஒரு வடிதாளை உருவினாள், லேபில் எதையாவது வடிகட்ட வைத்திருக்கிற சாதாரண வெள்ளைத் தாள்தான். அதை மேடத்துக்கு முன்னால் மேஜைமேல் விரித்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, தன் கையையும் மேலே வைத்து அழுத்தினாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, உள்ளங்கையும் ஐந்து விரலும் பதிந்த இடம் மட்டும் கண்ணாடிபோல வெளிச்சத்தை விட்டுக்கொண்டிருந்த அந்தத் தாளை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.